பேரேடு இல்லாத கடை

2023 ஏப்ரல் 18 அன்று சுவீடனின் கோத்தன்பர்க் நகரில், முல்வாத் என்ற விபிஎன் நிறுவனத்தின் அலுவலகத்துக்குள் குறைந்தது ஆறு போலீஸ் அதிகாரிகள் சோதனை ஆணையுடன் நுழைந்தார்கள். வாடிக்கையாளர் விவரங்கள் உள்ள கணினிகளைக் கைப்பற்றிச் செல்வது அவர்கள் நோக்கம். நிறுவனத்தார் அவர்களோடு வாதாடினார்கள். நீங்கள் தேடும் விவரங்களை நாங்கள் எழுதிவைப்பதே இல்லை. எங்கள் சேவை எப்படி இயங்குகிறது என்று காட்டுகிறோம், பாருங்கள். இல்லாத ஒன்றுக்காக இயந்திரங்களைத் தூக்கிப்போவது சுவீடன் சட்டப்படியே செல்லாது. அதிகாரிகள் அரசு வழக்கறிஞரைக் கலந்து பேசிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள்.

முல்வாத் என்றால் சுவீடிஷ் மொழியில் அகழெலி. மண்ணுக்கடியில் வளை தோண்டிப் போகும் பிராணி. 2009 முதல் தொழில் நடத்தும் அந்த நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட எந்த நல்ல வார்த்தையும் அந்த ஒரு நாள் தந்த சான்றுக்கு ஈடாகாது. விபிஎன் தொழிலின் விசித்திரம் இதுதான். 'நான் பேரேடே எழுதுவதில்லை' என்று சொல்லித்தான் கடைக்காரர் சரக்கை விற்கிறார். பேரேடு இருக்கிறதா இல்லையா என்று வாங்குபவர் உள்ளே போய்ப் பார்க்க வழியில்லை. போலீஸ் வந்து கதவைத் தட்டும் நாளில்தான் தெரியவரும்.

வளைகுடாவில் வேலைபார்த்தவர்கள் ஊருக்குக் கிளம்பும் நண்பரிடம் கடிதக் கட்டைக் கொடுத்தனுப்பிய காலம் ஒன்று இருந்தது. அவர் சென்னையிலோ திருச்சியிலோ இறங்கி, இந்தியத் தபால்தலை ஒட்டிப் பெட்டியில் போடுவார். கடிதம் எங்கிருந்து கிளம்பியது என்று உள்ளூர்த் தபால்காரருக்குத் தெரியாது. வளைகுடா அஞ்சலகத்துக்கோ அப்படி ஒரு கடிதம் போனதே தெரியாது. கொண்டுவந்த நண்பருக்கு மட்டும் எல்லாம் தெரியும்: எழுதியது யார், யாருக்கு, எத்தனை கனம், எந்தத் தேதி. விபிஎன் வேலை செய்வது ஏறக்குறைய இப்படித்தான். உங்கள் போனிலிருந்து கிளம்பும் தரவெல்லாம் பூட்டப்பட்டு, ஒரு சுரங்கத்துக்குள் போவதுபோல், விபிஎன் நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. அங்கே அந்தப் பூட்டு திறக்கப்பட்டு, அந்தச் சர்வரின் ஐபி முகவரியைச் சுமந்துகொண்டு வெளி இணையத்துக்குள் நுழைகிறது. நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று இணைய இணைப்புத் தரும் நிறுவனத்துக்குத் தெரியாது. நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்று தளத்துக்குத் தெரியாது. நடுவில் இருப்பவருக்கு இரண்டும் தெரியும். பார்க்கும் கண் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

தனிநபர்களுக்கு விற்கப்படும் விபிஎன், தன் பெயரை அலுவலகங்களிடமிருந்து இரவல் வாங்கியது. 1996இல் மைக்ரோசாஃப்டில் உருவான பிபிடிபி என்ற முறையும் அதன் வழியில் வந்த பலவும், வெளியூரில் இருக்கும் ஊழியர் நிறுவனத்தின் உள்பிணையத்துக்குள் பத்திரமாக நுழைவதற்காக எழுந்தவை. 2020 பொதுமுடக்கத்தில் சென்னை ஐடி நிறுவனங்களின் ஊழியர்கள் சொந்த ஊர்த் திண்ணையில் மடிக்கணினியோடு உட்கார்ந்தது இந்த வகை விபிஎனின் துணையில்தான். அங்கே நம்பிக்கை ஒரு பிரச்சினையே அல்ல. சுரங்கத்தின் இந்த முனையில் நிறுவனத்தின் மடிக்கணினி, அந்த முனையில் நிறுவனத்தின் சர்வர். இரண்டும் ஒரே முதலாளிக்குச் சொந்தம். கடையில் விற்கும் விபிஎனில் அந்த முனை முன்பின் தெரியாத ஒருவருடையது. தொழில்நுட்பம் ஒன்றுதான், உறவு வேறு.

விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை. அவை சொல்வது பொது வைஃபை பற்றிய பயம்: காபிக் கடையில் முகமூடி போட்ட ஒருவன் உங்கள் வங்கிக் கடவுச்சொல்லைத் திருடுகிறான். 2010இல் இந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது. அந்த அக்டோபரில் எரிக் பட்லர் என்ற நிரலாளர் வெளியிட்ட ஃபயர்ஷீப் என்ற ஃபயர்ஃபாக்ஸ் நீட்சி, ஒரே வைஃபையில் இருக்கும் பக்கத்து மேசைக்காரரின் ஃபேஸ்புக் கணக்குக்குள் சொடுக்கிய மாத்திரத்தில் நுழையவிட்டது. உள்நுழையும் கட்டத்தை மட்டும் பூட்டிவிட்டு மற்றதையெல்லாம் தளங்கள் திறந்துபோட்டிருந்த காலம் அது. ஓட்டையை ஊரறியக் காட்டினால்தான் அடைப்பார்கள் என்பது அவர் கணக்கு, அது பலித்தது. பெரிய தளங்கள் எல்லாப் பக்கங்களையும் பூட்டும் எச்டிடிபிஎஸ் முறைக்கு முழுதாக மாறின. 2015 இறுதியில் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு அதற்கான சான்றிதழ்களை எல்லோருக்கும் இலவசமாக வழங்கத் தொடங்கியதும் சிறு தளங்களும் மாறின. இன்று வங்கித் தளத்துக்கும் உங்கள் போனுக்கும் நடுவே ஏற்கெனவே ஒரு பூட்டு தொங்குகிறது. 2019இல் பிரிட்டனின் விளம்பரத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, பொது வைஃபையின் ஆபத்தை மிகைப்படுத்தியதற்காக நார்டு விபிஎனின் தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றை அதே வடிவில் மறுபடி காட்டக் கூடாது என்றது. பயம் மட்டும் இன்னும் விற்பனையில் இருக்கிறது.

அதேபோல, விபிஎன் போட்டால் இணையத்தில் முகமே இல்லாமல் உலவலாம் என்பதும் கதை. கூகுள் கணக்கில் உள்நுழைந்தபடி எந்த நாட்டுச் சர்வர் வழியாகப் போனாலும் கூகுளுக்கு நீங்கள் நீங்கள்தான். 2010இல் எலக்ட்ரானிக் ஃப்ரன்டியர் ஃபவுண்டேஷன் ஏறக்குறைய 4 லட்சத்து 70 ஆயிரம் உலாவிகளைச் சோதித்தபோது, அவற்றில் 83.6 சதவீதத்தை ஐபி முகவரியோ குக்கியோ இல்லாமலே தனித்து அடையாளம் காண முடிந்தது. திரையின் அளவு, எழுத்துருக்கள், நேர மண்டலம், செருகுநிரல்கள் ஆகியவை சேர்ந்து ஒரு கைரேகை ஆகிவிடுகின்றன. விபிஎன் அந்த ரேகையைத் தொடுவதே இல்லை.

எனவே விபிஎன் வீண் என்று சொல்ல வரவில்லை. இந்தியாவில் இணைய இணைப்புத் தரும் நிறுவனங்கள் ஐபி இணைப்புப் பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் காக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2021 டிசம்பரில் உரிம விதியைத் திருத்தியது. அதற்கு முன் அது ஓராண்டாக இருந்தது. வீட்டு இணைப்புக்காரரிடம் உள்ள பதிவைவிடத் தொலைதூரத்தில் உள்ள ஒருவரின் வாக்கு மேல் என்று ஒரு பத்திரிகையாளரோ வழக்கறிஞரோ முடிவெடுத்தால் அதில் தர்க்கம் உண்டு. அந்த வாக்கின் தரம் என்ன என்பதுதான் கேள்வி. அதற்கு விடை நிறுவனங்களின் இணையதளத்தில் கிடைக்காது. வழக்குக் கட்டுகளில் கிடைக்கும்.

முதல் பெரிய வழக்கு 2011இல். சோனி பிக்சர்ஸ் தளத்தை ஊடுருவிய லல்ஸ்செக் குழுவைச் சேர்ந்த ஓர் இளைஞர், ஹைட் மை ஆஸ் என்ற பிரிட்டிஷ் விபிஎனைப் பயன்படுத்தியிருந்தார். பெயரே ஒளித்துவைப்பதாகச் சொன்னாலும், நீதிமன்ற ஆணை வந்ததும் நிறுவனம் பதிவுகளைக் கொடுத்துவிட்டது. அவர் அமெரிக்காவில் கைதானார். யார் எப்போது இணைந்தார், எப்போது விலகினார் என்பதைக் குறித்துவைப்போம் என்று அந்த நிறுவனம் தன் விதிகளில் சொல்லியே இருந்தது, படித்தவர்தான் குறைவு. 'நோ லாக்ஸ்' என்ற சொற்கள் கொட்டை எழுத்தில் எல்லா விபிஎன் தளங்களிலும் ஏறத் தொடங்கியதற்கு இந்த வழக்கும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சொல்லை ஏற்றுவது எளிது. 2017 அக்டோபரில் மாசசூசெட்ஸில் ஒரு பெண்ணை இணையவழி விடாமல் துன்புறுத்திய ஆள்மீது எஃப்பிஐ தாக்கல்செய்த பிரமாணப் பத்திரத்தில், ப்யூர் விபிஎன் நிறுவனம் உதவியது என்ற வரி இருந்தது. இரண்டு ஐபி முகவரிகளிலிருந்து ஒரே வாடிக்கையாளர் வந்திருக்கிறார் என்று அந்த நிறுவனம் காட்டிக்கொடுத்தது: ஒன்று அவர் குடியிருந்த வீடு, மற்றது அவர் வேலைபார்த்த நிறுவனம். பதிவே வைப்பதில்லை என்று விளம்பரம் செய்துவந்த நிறுவனம் அது. ஐபிவானிஷ் என்ற விபிஎனின் கதை இன்னும் மோசம். 2016இல் குழந்தைகள்மீதான பாலியல் குற்ற வழக்கு ஒன்றில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை கேட்டபோது முதலில் எதுவும் இல்லை என்றார்கள். பிறகு இன்னும் விரிவாக எழுதிக் கேட்டதும் பெயர், மின்னஞ்சல், உண்மையான ஐபி முகவரி, இணைந்த நேரம், விலகிய நேரம் எல்லாம் வந்தன. விஷயம் வெளியே தெரிந்தது 2018இல். அதற்குள் நிறுவனம் கைமாறி, புதிய உரிமையாளர் அது பழைய கதை என்று சொல்லிவிட்டார்.

மாட்டியவர்களுக்காக யாரும் கண்ணீர் விடப்போவதில்லை, நானும்தான். ஆனால் அதே பேரேடு ஒரு நாள் வேறு நாட்டில், வேறு அரசின் கையில், ஒரு தொழிற்சங்கக்காரரைத் தேடவும் திறக்கும். பேரேடு நல்லவர் கெட்டவர் பார்ப்பதில்லை.

மறுபக்கத்துச் சான்றுகளும் உண்டு. ஐபிவானிஷ் கொடுத்த அதே 2016இல், வெடிகுண்டு மிரட்டல் வழக்கு ஒன்றில் பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ் நிறுவனத்திடம் எஃப்பிஐ கேட்டது. மிரட்டலுக்குப் பயன்பட்ட ஐபி முகவரிகள் அமெரிக்காவின் கிழக்குக் கரைப் பகுதியைச் சேர்ந்தவை என்பதற்குமேல் சொல்ல அதனிடம் எதுவும் இருக்கவில்லை. 2016 டிசம்பரில் அங்காராவில் ரஷ்யத் தூதர் ஆந்திரேய் கார்லோவ் சுட்டுக் கொல்லப்பட்ட பின், கொலையாளியின் இணையக் கணக்குகளை அழித்தது யார் என்று தேடிய துருக்கி அதிகாரிகள் எக்ஸ்பிரஸ் விபிஎனின் சர்வர் ஒன்றையே தூக்கிச் சென்றார்கள். அதில் பயன்படும்படியாக எதுவும் அகப்படவில்லை.

இந்த வழக்குகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. போலீஸ் கேட்டால் கொடுக்கமாட்டோம் என்ற வீரத்துக்கு இங்கே மதிப்பில்லை. சட்டப்படி கேட்டால் எந்த நிறுவனமும் கொடுத்தே ஆகவேண்டும். 2021 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் புரோட்டான் நிறுவனம், பிரெஞ்சு சூழலியல் செயற்பாட்டாளர் ஒருவரின் ஐபி முகவரியைச் சுவிஸ் அதிகாரிகளுக்குக் கொடுக்க நேர்ந்தது. அவர் பயன்படுத்தியது அந்த நிறுவனத்தின் மின்னஞ்சல் சேவை. மின்னஞ்சலில் ஒரு குறிப்பிட்ட கணக்கைக் கண்காணிக்கும்படி சுவிஸ் சட்டம் ஆணையிட முடியும், எங்கள் விபிஎனுக்கு அப்படி ஆணையிட முடியாது என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. ஒரே கூரை, ஒரே முதலாளி, இரண்டு சேவைக்கு இரண்டு சட்டம். கொடுக்க எதுவுமில்லாத நிலையைத் தொழில்நுட்பத்தாலும் சட்டத்தாலும் முன்கூட்டியே உண்டாக்கிக்கொண்டவர்தான் வாக்கைக் காப்பாற்ற முடியும்.

முல்வாதின் பலம் இங்கேதான். அங்கே பெயர், மின்னஞ்சல் எதுவும் கேட்பதில்லை. 16 இலக்க எண் ஒன்றுதான் கணக்கு. உறைக்குள் ரொக்கத்தை வைத்துத் தபாலில் அனுப்பினாலும் ஏற்றுக்கொள்வார்கள். மாதம் 5 யூரோ, ஒரே விலை. 2022இல் மாதாமாதம் தானாகப் பணம் எடுத்துக்கொள்ளும் சந்தா முறையை நிறுத்தினார்கள். சந்தா என்றால் யார் கட்டினார் என்ற விவரத்தை வைத்திருக்க வேண்டியிருக்கிறதே. மறதிக்காரர்கள் புதுப்பிக்காமல் விட்டால் வருமானம் போகும் என்பது தெரிந்தே செய்தார்கள். 2023 செப்டம்பரில் தன் விபிஎன் சர்வர்கள் அனைத்திலிருந்தும் வட்டுகளை நீக்கி, மின்சாரம் போனால் எல்லாம் அழிந்துவிடும் ரேம் நினைவகத்தில் மட்டும் இயங்கும்படி மாற்றி முடித்தார்கள். இந்தத் துறையில் நிறுவனங்கள் வசதிகளைக் கூட்டிக்கொண்டே போகின்றன. முல்வாத் வசதிகளைக் கழித்திருக்கிறது. என் கணக்கில் அந்தக் கழித்தல்தான் அதன் முக்கிய வசதி.

தணிக்கை பற்றி இங்கே ஒரு வார்த்தை. நார்டு, எக்ஸ்பிரஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் இப்போது பெயர்பெற்ற தணிக்கை நிறுவனங்களை அழைத்து, பதிவு வைப்பதில்லை என்று சான்று வாங்கி வெளியிடுகின்றன. ஒன்றுமில்லாததற்கு இது மேல். ஆனால் தணிக்கையாளரைத் தேர்ந்தெடுப்பதும் கூலி கொடுப்பதும் நிறுவனமே. அவர் பார்ப்பது பார்த்த நாளின் நிலையை. 2018 மார்ச்சில் ஃபின்லாந்தில் நார்டு வாடகைக்கு எடுத்திருந்த ஒரு சர்வருக்குள் யாரோ புகுந்தார்கள். வாடிக்கையாளருக்கு அது தெரியவந்தது 2019 அக்டோபரில்.

வாக்குக் கொடுத்தவர் கடையை விற்றுவிட்டால்? இஸ்ரேலில் 2011இல் தொடங்கிய கிராஸ்ரைடர் என்ற நிறுவனம் உலாவி நீட்சிகளை உருவாக்கும் தளம் ஒன்றை நடத்தியது. அந்தத் தளம் பிறர் திரையில் வேண்டாத விளம்பரங்களைத் திணிக்கும் மென்பொருள்களுக்குப் பெயர்போனதாக மாறியது. நிறுவனம் அந்தத் தொழிலை விட்டுவிட்டு 2017இல் சைபர்கோஸ்ட் விபிஎனை வாங்கியது. 2018இல் கேப் டெக்னாலஜிஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது, ஜென்மேட் விபிஎனையும் வாங்கியது. 2019இல், எஃப்பிஐயிடம் கொடுக்க எதுவுமில்லாமல் நின்றதே, அந்த பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸை வாங்கியது. 2021 செப்டம்பரில் 93 கோடியே 60 லட்சம் டாலருக்கு எக்ஸ்பிரஸ் விபிஎனையும் வாங்கியது. நீதிமன்றத்திலும் போலீஸ் சோதனையிலும் தேறிய இரண்டு பெயர்கள் அப்படியாக ஒரே கைக்குள் வந்தன. இதற்கிடையே, 2021இலேயே, விபிஎன்மென்டார் உள்ளிட்ட விமர்சனத் தளங்களை நடத்தும் நிறுவனத்தையும் கேப் வாங்கியிருந்தது. எந்த விபிஎன் நல்லது என்று கூகுளில் தேடுபவர் போய் நிற்கும் தளமே விற்பவருடையது. உரிமை யாருடையது என்பதை அந்தத் தளம் மறைக்கவில்லை. ஆனால் மதிப்பெண் பட்டியலைப் பார்க்கப் போகிறவர் அதையா தேடிப் படிக்கிறார்?

எக்ஸ்பிரஸ் விற்பனை அறிவிக்கப்பட்ட அதே வாரத்தில், அதன் தகவல் துறைத் தலைவர் உட்பட மூன்று முன்னாள் அமெரிக்க உளவு, ராணுவ அலுவலர்கள் அமெரிக்க நீதித் துறையுடன் ஓர் உடன்பாட்டுக்கு வந்த செய்தியும் வெளியானது. ஐக்கிய அரபு அமீரகத்துக்காகப் பிறர் போன்களை ஊடுருவும் வேலையில் ஈடுபட்டது குறித்த வழக்கு அது; மூவரும் சேர்ந்து 16 லட்சம் டாலருக்கு மேல் கட்ட ஒப்புக்கொண்டார்கள். தகவல் துறைத் தலைவருடைய பின்னணியின் முக்கிய விவரங்கள் எங்களுக்குத் தெரியும், தாக்கத் தெரிந்தவருக்குத்தான் காக்கவும் தெரியும் என்ற பொருளில் நிறுவனம் பதில் சொன்னது. திருடனைக் காவலுக்கு வைக்கும் கதை எல்லா ஊரிலும் உண்டு. சில கதைகளில் அவன் நல்ல காவலனாகவும் இருக்கிறான். ஆனால் அந்தத் தேர்வு வீட்டுக்காரருடையதாக இருக்க வேண்டும். இங்கே வீட்டுக்காரரிடம் யாரும் கேட்கவில்லை.

இந்தியாவில் பேரேடு விவகாரம் சட்டமாகவே வந்தது. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின்கீழ் ஆணை ஒன்றை வெளியிட்டது. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், சரிபார்த்த முகவரி, தொடர்பு எண், மின்னஞ்சல், ஒதுக்கிய ஐபி முகவரிகள், எதற்காகச் சேவையைப் பெறுகிறார் என்ற காரணம் ஆகியவற்றை ஐந்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும். அலுவலகங்களின் உள் விபிஎனுக்கு இது பொருந்தாது என்று பின்னர் விளக்கினார்கள். அதாவது முதலாளியின் சுரங்கத்துக்கு விலக்கு, குடிமகனின் சுரங்கத்துக்குப் பேரேடு. ஜூன் மாதமே எக்ஸ்பிரஸ், சர்ஃப்ஷார்க், நார்டு ஆகியவை இந்தியாவில் இருந்த சர்வர்களைக் காலிசெய்யத் தொடங்கின. ஆணை நடைமுறைக்கு வந்த செப்டம்பரில் புரோட்டானும் வெளியேறியது. விதியை ஏற்க விருப்பமில்லாதவர்கள் போகலாம் என்பதே அப்போதைய இணையமைச்சர் ராஜீவ் சந்திரசேகரின் நிலைப்பாடு.

விளைவு வேடிக்கையானது. இந்திய ஐபி முகவரி வேண்டும் என்று இன்று எக்ஸ்பிரஸையோ புரோட்டானையோ கேட்டால் கிடைக்கும். ஆனால் அந்தச் சர்வர் இருப்பது சிங்கப்பூர் போன்ற வெளிநாட்டில். ஆணை எதைக் குறித்துவைக்க விரும்பியதோ அது எல்லைக்கு வெளியே போய்விட்டது. சட்டத்தின் கைக்கு எட்டும் தூரத்தில் மிஞ்சியவை இங்கேயே தொழில் நடத்தும் சிறு நிறுவனங்கள். அவற்றில் ஒன்றான எஸ்என்டி ஹோஸ்டிங்ஸ் ஆணையை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2025 தொடக்கத்தில் உள்துறை அமைச்சகத்தின் ஆணைப்படி ஆப்பிளும் கூகுளும் சில விபிஎன் செயலிகளை இந்தியக் கடைகளிலிருந்து எடுத்தன, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 செயலியும் அவற்றில் ஒன்று.

வசதிகள் என்று நிறுவனங்கள் பட்டியலிடுபவற்றில் பெரும்பாலானவற்றைக் கடந்துபோய்விடலாம். நூறு நாடுகளில் ஆயிரக்கணக்கான சர்வர் என்பது ஒருவர் ஒரு நேரத்தில் ஒன்றைப் பயன்படுத்தும்போது பெருமைக்கு மட்டும் உதவும் எண். உண்மையில் கவனிக்க வேண்டியவை சில. இணைப்பு அறுந்த நொடியில் தரவு திறந்த வழியில் ஓடாமல் எல்லாவற்றையும் நிறுத்தும் கில் ஸ்விட்ச். தளத்தின் பெயரை முகவரியாக மாற்றிக் கேட்கும் டிஎன்எஸ் விசாரிப்பும் சுரங்கத்துக்குள்ளேயே போவது. இல்லையென்றால் கடிதத்தைக் கைமாற்றிக் கொடுத்துவிட்டு, யாருக்கு எழுதினோம் என்பதைப் பழைய அஞ்சலகத்தில் போய்க் கேட்ட கதையாகும். பிறகு, சுரங்கத்தின் கட்டுமானம். ஜேசன் டோனன்ஃபெல்ட் உருவாக்கி, 2020 மார்ச்சில் லினக்ஸ் கருவுக்குள் சேர்ந்த வயர்கார்டு நெறிமுறை ஏறக்குறைய 4,000 வரிகளே கொண்டது. ஒரு தேர்ந்த நிரலாளர் சில நாள்களில் முழுதும் படித்துச் சரிபார்க்கலாம். முந்தைய நெறிமுறைகளை அப்படிப் படிப்பது நடவாத காரியம். அதிலும் ஒரு சிக்கல்: வயர்கார்டு அதன் இயல்பில் ஒவ்வொரு பயனரும் கடைசியாக வந்த ஐபி முகவரியைச் சர்வர் நினைவில் வைத்திருக்கும். அலுவலகத்துக்கு அது பொருட்டில்லை. பேரேடு இல்லை என்று விற்பவருக்கு அது ஒரு குட்டிப் பேரேடு. அதனால்தான் நார்டு அதன்மேல் தன் சொந்த அடுக்கு ஒன்றைக் கட்ட வேண்டிவந்தது.

எல்லாம் சரியாக இருந்தும் சறுக்கலாம். 2024 மே மாதம் லெவையதன் செக்யூரிட்டி ஆய்வாளர்கள் டனல்விஷன் என்ற தாக்குதலை விளக்கினார்கள். நீங்கள் இணைந்திருக்கும் வைஃபை ரூட்டர், ஐபி முகவரி கொடுக்கும்போதே, இன்ன தரவை இன்ன வழியில் அனுப்பு என்று டிஎச்சிபி நெறிமுறையின் 121ஆம் விருப்பம் மூலம் கருவிக்குச் சொல்ல முடியும். கருவி கேட்டுக்கொள்ளும். தரவு சுரங்கத்தைச் சுற்றிக்கொண்டு வெளியே போகும். திரையில் விபிஎன் இணைந்திருப்பதாகவே காட்டும். இணைப்பு அறாததால் பல செயலிகளில் கில் ஸ்விட்சும் அசையாது. அந்த 121ஆம் விருப்பம் 2002 முதலே இருக்கிறது. ஆண்ட்ராய்டு அதைக் கையாள்வதே இல்லை என்பதால் தப்பித்தது. பொது வைஃபை பயத்தைக் காட்டி விற்ற சரக்கு, பொது வைஃபையிலேயே இப்படி ஏமாந்தது.

இதுவரை பேசியதெல்லாம் காசு வாங்கும் கடைகள். பெரும்பாலோர் வாங்குவது அங்கல்ல.

2022 ஏப்ரல் 3ஆம் தேதி இலங்கை அரசு ஃபேஸ்புக், வாட்ஸ்அப், ட்விட்டர், யூடியூப் எல்லாவற்றையும் முடக்கியது. அரிசிக்கும் எரிவாயுவுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்ற மக்கள் கோத்தபய ராஜபக்சவுக்கு எதிராகத் தெருவுக்கு வர இருந்த நாள். 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகும் இதே வித்தையைப் பார்த்துப் பழகிய நாடு அது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் விபிஎன் என்றால் என்னவென்று கேட்க ஆளில்லை. அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே தானும் விபிஎன் வழியாகத்தான் எழுதுவதாகவும், இத்தகைய தடைகள் பயனற்றவை என்றும் ட்விட்டரில் போட்டார். சுமார் 15 மணி நேரத்தில் தடை நீங்கியது. அப்படிப்பட்ட நேரத்தில், தாயின் குரலையோ தெருவில் நிற்கும் மகனின் செய்தியையோ கேட்க வேண்டியவர் உரிமையாளர் யார், சர்வர் எங்கே என்று ஆராய மாட்டார். பட்டியலில் முதலில் வரும் இலவசச் செயலியை இறக்குவார். வாட்ஸ்அப் அழைப்பு முடக்கப்பட்டிருக்கும் அமீரகத்தில் வீட்டோடு பேசத் தவிக்கும் கட்டடத் தொழிலாளியும் அதையே செய்வார். அங்கே தடையை மீறி விபிஎனைப் பயன்படுத்துவது சட்டச் சிக்கல். ஐபி முகவரியை மாற்றிக் குற்றம் செய்தால் அபராதம் 5 லட்சம் திர்ஹமில் தொடங்குகிறது.

அந்த இலவசச் செயலிகளின் லட்சணம் என்ன? ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2016இல் 283 ஆண்ட்ராய்டு விபிஎன் செயலிகளைப் பிரித்துப் பார்த்தது. 38 சதவீதச் செயலிகளில் தீங்கு நிரலின் அடையாளம் தென்பட்டது. 75 சதவீதம் பிறருடைய பின்தொடரும் நிரல்களைச் சுமந்திருந்தன. 18 சதவீதம் தரவைப் பூட்டவே இல்லை. சுரங்கம் என்ற பெயரில் திறந்த வாய்க்கால். 2020 ஜூலையில் யுஎஃப்ஓ விபிஎன் முதலான, ஹாங்காங் தொடர்புள்ள ஏழு இலவசச் செயலிகளின் பதிவுகள் கடவுச்சொல் பூட்டே இல்லாத ஒரு சர்வரில் கிடந்தன: 1.2 டெராபைட். ஏழுமே பதிவு வைப்பதில்லை என்று சத்தியம் செய்தவை.

இலவசத்தின் கணக்கை நன்றாகப் புரிந்துகொண்டது ஃபேஸ்புக். 2013 அக்டோபரில் அது ஒனாவோ என்ற இஸ்ரேலிய நிறுவனத்தை வாங்கியது. ஒனாவோ புரொடெக்ட் செயலி உங்களைக் காப்பதாகச் சொல்லி, எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறீர்கள் என்று ஃபேஸ்புக்குக்கு எண்ணிக் கொடுத்தது. வாட்ஸ்அப் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று ஃபேஸ்புக் கணித்தது இத்தகைய எண்களைக் கொண்டுதான் என்பது 2018 டிசம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு வெளியிட்ட ஆவணங்களில் தெரிந்தது. 2014இல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலர் கொடுத்து வாட்ஸ்அப்பை வாங்கியது. ஆஸ்திரேலியாவில் மட்டும் ஒனாவோ செயலியை 2 லட்சத்து 70 ஆயிரம் முறைக்குமேல் இறக்கியிருந்தார்கள். 2023 ஜூலையில் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் இரண்டு துணை நிறுவனங்களுக்கு மொத்தம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

ஒனாவோ உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைவிடக் கீழே ஒரு படி உண்டு: உங்கள் பெயரில் வேறொருவன் உலவுவது. 2024 மே மாதம் அமெரிக்க நீதித் துறை 911 எஸ்5 என்ற வலையமைப்பைக் கலைத்து, அதை நடத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட 35 வயதுச் சீனரைச் சிங்கப்பூரில் கைதுசெய்ய வைத்தது. இலவச விபிஎன் நிரலை நிறுவிக்கொண்டவர்களின் கணினி, அவர்கள் அறியாமலே வாடகைக்கு விடப்பட்டது. மோசடிக்காரன் உங்கள் வீட்டு ஐபி முகவரியை விலைகொடுத்து வாங்கி அதன் வழியாகக் கைவரிசை காட்டுவான்; போலீஸ் தேடி வந்தால் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். ஏறக்குறைய 200 நாடுகளில் 1 கோடியே 90 லட்சம் ஐபி முகவரிகள் அதில் சிக்கியிருந்தன. மாஸ்க் விபிஎன், டியூ விபிஎன், பாலடின் விபிஎன், புராக்சிகேட், ஷீல்டு விபிஎன், ஷைன் விபிஎன்: இந்த ஆறில் ஏதாவது உங்கள் வீட்டுக் கணினியில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள், இருந்தால் நீக்கிவிடுங்கள்.